வால்டர் ரீஸ் காலத்துப் பெட்டியும் மூன்று சென்டிமீட்டர் செலோடேப்பும்

35 பவுண்டு கொடுத்து ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டி வாங்கி வந்தேன். வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தெற்கு வேல்ஸில் நீத் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பீங்கான் தட்டுகளுக்கும் தூண்டில் கழிகளுக்கும் நடுவே இந்தப் பெட்டி கிடந்தது. உள்ளே பெரும்பாலும் 1920களிலிருந்து 1940கள் வரையிலான ரக்பி ஆட்டப் புரோகிராம்கள் 11, நுழைவுச்சீட்டுகள் 6, ஒரு விருந்து மெனு அட்டை, அட்டையில் ஒட்டிய ஓர் அணிப் புகைப்படம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மஞ்சளாகிப்போன செலோடேப். "டேப்பெல்லாம் எங்க மாமா ஒட்டினது. கிழியாம பத்திரமா இருக்கட்டும்னு" என்றார் விற்ற பெண்மணி. அந்த முகம் தெரியாத மாமாவோடுதான் அடுத்த ஆறு வாரமும் மல்லுக்கட்டினேன்.

சீட்டுகளின் அடியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: செயலர், வால்டர் ரீஸ். நீத் ஊர்க்காரர். 1896இல் வேல்ஸ் ரக்பி சங்கத்தின் செயலராக உட்கார்ந்தவர் 1948இல்தான் எழுந்தார். 52 வருஷம். பதவிக்கு வந்த மறுவருஷமே பெரிய தலைவலி. வேல்ஸ் அணித் தலைவர் ஆர்தர் கூல்டுக்கு ரசிகர்கள் நன்கொடை திரட்டி ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். பணம் வாங்காமல் ஆட வேண்டிய விளையாட்டில் வீடு வாங்கலாமா என்று மற்ற நாட்டுச் சங்கங்கள் கொதிக்க, வேல்ஸ் சர்வதேச வாரியத்தை விட்டே வெளியேறி, 1898இல் திரும்பி வந்தது. 1910இல் பிரிட்டிஷ் தீவுகளின் அணி தென்னாப்பிரிக்கா போனபோது வில்லியம் கெய்லுடன் சேர்ந்து மேலாளராகப் போனவரும் ரீஸ்தான். நடுவே இரண்டு உலகப் போர். சங்கம் பிறந்ததும் இதே நீத் ஊரின் காஸில் ஹோட்டலில், 1881 மார்ச் 12இல். அந்தத் தெரு வழியாகத்தான் வாராவாரம் காய்கறி வாங்கப் போகிறேன்.

ஆட்டக்காரர்கள் ஜெர்சியை விட்டுப் போகிறார்கள், செயலர்கள் காகிதத்தை. சந்தையில் இரண்டுக்கும் ஒரே மரியாதை கிடையாது. 1905இல் வேல்ஸிடம் தோற்ற நியூசிலாந்து அணித் தலைவர் டேவ் கல்லஹரின் ஜெர்சி 2015இல் கார்டிஃபில் 1,80,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த மாதிரி ஆட்டங்களுக்குச் சீட்டு அடிக்க ஏற்பாடு செய்து, கடிதம் எழுதி, கணக்குப் பார்த்த ஆளின் காலத்துக் காகிதம் என் கையில் 35 பவுண்டுக்கு, பிஸ்கட் டின்னோடு சேர்த்து.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாள் எதையும் பிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து வைத்து, நன்றாகக் காய்ந்த அறையில் இரண்டு நாள் விட்டேன். துருவும் ஈரமும் கலந்த ஒரு வாடை. மெனு அட்டையின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. முகமூடி போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே வைத்து, மென்மையான ஆட்டுமுடி பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். பூஞ்சையை வீட்டுக்குள் துடைத்தால் மற்ற பதினெட்டுக்கும் நாமே விதை தூவிய மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அடையாளம் காணும் வேலை. சீட்டுகளில் ஆண்டு இல்லாதவை இரண்டு. இங்கே சங்கத்தின் பெயரே கைகொடுத்தது. 1934 வரை அதன் பெயர் வெல்ஷ் ஃபுட்பால் யூனியன், அதன் பிறகுதான் வெல்ஷ் ரக்பி யூனியன். ஒரு சீட்டில் பழைய பெயர், ஆகவே அது 1934க்கு முந்தையது. புதிய பெயரோடு இருந்த இன்னொன்று ஸ்வான்சி செயின்ட் ஹெலன்ஸ் மைதானத்துக்கானது. 1954க்குப் பிறகு, 1997இல் ஒரே ஒரு முறை தவிர, வேல்ஸ் அணி அங்கே சர்வதேச ஆட்டம் ஆடவில்லை. செயலர் ரீஸ் என்று வேறு போட்டிருப்பதால் மேல் எல்லை இன்னும் இறங்கி 1948க்கு வந்துவிடுகிறது. தேதி தெரியாத காகிதத்தில் இப்படிப் பெயரையும் பதவியையும் இரண்டு பக்கத்து வேலி மாதிரி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம்.

பெட்டியின் அடியில் ஒரு புரோகிராம். பார்த்ததும் நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. 1905 டிசம்பர் 16, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், வேல்ஸ் எதிர் நியூசிலாந்து. வேல்ஸின் டெடி மோர்கன் போட்ட ஒரே டிரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பது), 3-0. அந்தப் பயணத்தில் ஆடிய 35 ஆட்டங்களில் நியூசிலாந்து தோற்றது இது ஒன்றில்தான். தங்கள் ஆட்டக்காரர் பாப் டீன்ஸ் பந்தோடு கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று நியூசிலாந்துக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்டம். அசல் புரோகிராம் என்றால் வீட்டில் எனக்கு உடனடி மன்னிப்பு உண்டு.

விளக்கை அணைத்து 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்தேன். தாள் வெளிர்நீலமாகப் பளீரென்று மின்னியது, புதுச் சட்டைக்கு நீலம் போட்ட மாதிரி. தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனம் அது. காகித ஆலைகளில் 1950களை ஒட்டித்தான் பரவலானது. 1905இல் அதற்கு வழியே இல்லை. உறுதிக்காகப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் எழுத்துகளைப் பார்த்தேன். ஈய அச்சு என்றால் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கரிய விளிம்பு கட்டியிருக்கும், தாளின் மறுபக்கத்தைத் தடவினால் லேசான மேடு தட்டுப்படும். இதில் இரண்டுமில்லை. எழுத்தே புள்ளி புள்ளியாக இருந்தது. பிற்கால மறுபதிப்பு. மாமா அதற்கும் பயபக்தியோடு டேப் ஒட்டியிருந்தார். அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை, காப்பி குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் அதையே சோதனை எலியாக வைத்துக்கொண்டேன். டேப் எடுக்கும் கலையில் தோற்றுப் பழக ஒரு மதிப்பில்லாத காகிதம் அவசியம். ஆனால் டேப்பும் புதிது, தாளும் புதிது என்பதால் அது எனக்குப் பொய் நம்பிக்கையைத்தான் கொடுத்தது.

செலோடேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் அது விற்பனைக்கு வந்தது 1937இல். அதனால் இந்தப் பெட்டியில் அதற்கு முந்தைய காகிதத்தில் இருக்கும் டேப் எல்லாம் பிற்பாடு ஒட்டியது. ரப்பர் பசை மூன்று கட்டமாகக் கெடும். முதலில் பிசுபிசுப்பாகும். அப்புறம் எண்ணெய் மாதிரி தாளுக்குள் இறங்கி ஊடுருவும், தாள் கண்ணாடி போலத் தெரியும். கடைசியில் காய்ந்து கெட்டியாகி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தானே உதிர்ந்து விழும். பழுப்புக் கறை மட்டும் தாளோடு சாகும்வரை இருக்கும். என் பெட்டியில் மூன்று கட்டமும் இருந்தன. காய்ந்துபோனவை சுலபம், விரல் பட்டால் உதிர்ந்தன. நடுக்கட்டத்தில் இருந்தவைதான் உயிரை வாங்கின.

நடுக்கட்ட டேப்புக்கு நான் செய்தது இது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தூரத்தில் பிடித்து இருபது விநாடி. பசை இளகியதும் மெல்லிய உலோகத் தகட்டை டேப்பின் ஒரு மூலையில் நுழைத்து, டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், தாளோடு தாளாகப் படுக்கவைத்துப் பின்னோக்கி மடித்து மடித்து எடுக்க வேண்டும். வாழைத்தண்டில் நார் உரிக்கிற மாதிரி. மேலே தூக்கினால் தாளின் தோல் கூடவே வந்துவிடும். எனக்கு வந்தது. 1930களின் ஒரு கிளப் ஆட்டப் புரோகிராமின் பின்னட்டையில் கட்டைவிரல் நகமளவு விளம்பரம் போயே போய்விட்டது. டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துணுக்கை இன்னும் ஒரு சிறு உறையில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது திருப்பி ஒட்டலாம் என்ற நப்பாசை.

பிளாஸ்டிக் போனதும் மிச்சமிருக்கும் பசையைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி உருட்டி எடுத்தேன். கறைக்கு அசிட்டோன் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. இன்னொரு மலிவான புரோகிராமில், கீழே ஒற்றுத்தாள் வைத்து, பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவினேன். கறை கரைந்தது உண்மை. கரைந்து, நகர்ந்து, ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போய்க் கடற்கரையில் அலை விட்டுப்போன கோடு மாதிரி பழுப்பு வளையமாக நின்றுகொண்டது. முன்பைவிட அசிங்கம். கரைந்த கறையை அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு மேசை இல்லாமல், வீட்டு மேசையில் கறையோடு சண்டைக்குப் போகக்கூடாது என்று அத்தோடு பாட்டிலை மூடினேன். மற்றவற்றில் கறை கறையாகவே இருக்கிறது.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்கள் அடுத்தது. நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு கால்களுக்கும் தாளுக்கும் இடையே சிறு பாலியெஸ்டர் துண்டைச் செருகிக்கொண்டு, தகட்டால் கால்களை நிமிர்த்தி, பின்னட்டைப் பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். இழுத்தால் ஓட்டை பெரிதாகும். பாதிப் பின்கள் தொட்டதும் பொடியாக நொறுங்கின. துருத்தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஓட்டைகளுக்கு ஜப்பான் கோசோ தாளில் பொட்டளவு ஒட்டுப் போட்டேன். பிறகு அதே ஓட்டைகள் வழியாகவே லினன் நூலால் தைத்தேன். மறுபடியும் பின் அடிப்பது ஐம்பது வருஷம் கழித்து வேறொருவனுக்கு இதே வேலையைக் கொடுப்பது.

பசை. சினிமா போஸ்டருக்கு மைதா காய்ச்சுவது நமக்குத் தெரிந்த வித்தை. இதுவும் அதன் தம்பிதான். ஆனால் மைதாவில் இருக்கும் பசைப்புரதம் பூச்சிக்கு விருந்து. அதை நீக்கிய சுத்தமான கோதுமை மாச்சத்து விற்கிறது. ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, இருபது நிமிஷம் கிளறிக்கொண்டே காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்தெடுத்தால் தயிர் பதத்துக்கு வரும். கோசோ தாளைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் பிடிமானம், ஒட்டிய இடமும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலப் புரோகிராம்களில் புகைப்படம் போட்ட பக்கங்கள் வழவழப்பான ஆர்ட் தாள், மேலே களிமண் பூச்சு. தண்ணீர் பட்டால் பூச்சு இளகி, எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை. அந்தப் பக்கங்களில் பசையை ஒற்றுத்தாளில் தடவி முக்கால்வாசி ஈரத்தை இழுத்த பிறகே வைத்தேன், ஒவ்வொரு ஒட்டும் காயும்வரை இரண்டு பக்கத்துக்கும் நடுவே சிலிகான் தாள். இரண்டு தடிமனான அகராதிகள்தான் பாரம்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

பெட்டியில் ஒரே ஒரு அசல் பொக்கிஷம் இருந்தது: 1935 டிசம்பர் 21, கார்டிஃப், வேல்ஸ் எதிர் நியூசிலாந்து. புற ஊதாவில் மங்கலான பழுப்பு, ஒளிர்வே இல்லை. எழுத்தோரத்தில் மை விளிம்பு. ரீஸ் எழுபதைத் தாண்டியும் செயலராக இருந்த காலம். நடுப்பக்கத்தில் இரண்டு அணிகளின் பட்டியல். குறுக்கே ஒரு கிழிசல், அதன் மேல் மாமாவின் டேப், நீளமாக, வேல்ஸ் பட்டியலின் மேல் ஓடுகிறது.

இதை வாங்கியவர் ஆட்டம் முழுக்கப் பென்சிலும் கையுமாக இருந்திருக்கிறார். ஓரத்தில் கணக்கு: 3, 5, 10, 7, 12, 13. இன்றைய ரக்பி பார்க்கிறவர்களுக்கு இந்த எண்கள் புரியாது. அன்றைக்கு ஒரு டிரைக்கு 3, அதைத் தொடர்ந்த உதைக்கு 2, ஓட்டத்தில் உதைக்கும் டிராப் கோலுக்கு 4. நெல்சன் பால் டிரையில் நியூசிலாந்து 3. கிளாட் டேவி, பிறகு ஜெஃப்ரி ரீஸ்-ஜோன்ஸ், இரண்டுக்கும் விவ் ஜென்கின்ஸின் உதை, வேல்ஸ் 5, அப்புறம் 10. மைக் கில்பர்ட்டின் டிராப் கோல், நியூசிலாந்து 7. பால் மறுபடியும், உதையோடு 12. கடைசியில் ரீஸ்-ஜோன்ஸ். 13-12. அந்தப் 13ஐ அவர் மூன்று முறை அழுத்தி எழுதியிருக்கிறார்; தாளின் பின்பக்கம் பள்ளம் தெரிகிறது.

இங்கே முதல் சிக்கல். மேல்தூசியை எடுக்க நான் பயன்படுத்தும் ரப்பர் பஞ்சு பென்சிலையும் எடுத்துவிடும். எனவே எண்களைச் சுற்றி ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, பிரஷ் மட்டும். இப்போது பார்த்தால் அந்த ஓரம் மட்டும் கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறது. தெரியட்டும்.

இரண்டாவது சிக்கல் டேப்புக்கு அடியில். லூப் வைத்துப் பார்த்தபோது, பழுப்புப் பிளாஸ்டிக்குக்குக் கீழே, முன்வரிசையின் நடுவில் ஆடும் ஹூக்கர் டான் டாரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பென்சில் சிலுவைக்குறி. டாருக்கு அது முதல் சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுதான். ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது கழுத்து எலும்பு முறிந்து, தூக்குப்படுக்கையில் வெளியே போனார். பிழைத்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது இல்லை. 10ஐ 13 ஆக்கிய அந்தக் கடைசி டிரை, பதினாலு பேராக ஆடி எடுத்தது. கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர், பென்சில் நுனியால், டாரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறியைப் போட்டிருக்கிறார். பிறகு எப்போதோ மாமா அதன் மேல் டேப்பை ஒட்டியிருக்கிறார்.

பென்சில் என்பது தாளின் மேல் தூளாக உட்கார்ந்திருக்கும் கரி. பசை அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். டேப்பைச் சூடாக்கி உரித்தால் சிலுவைக்குறி டேப்போடு வரும். சோதனைக்காக அதே பக்கத்தில், டேப்பின் இன்னொரு முனையில், யாரோ போட்ட ஒரு சின்னப் பென்சில் கோட்டின் மேலிருந்த டேப்பை மயிரிழை அகலத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். கோட்டின் அந்த நுனி டேப்பின் பசையில் தலைகீழாக ஒட்டியிருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் அதை அப்படியே வைத்துவிட்டுச் சீட்டுகளைச் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தேநீருக்கு வந்தார். எண்பது தாண்டியவர், நீத் கிளப்பின் கறுப்புச் சட்டை ரசிகர். புரோகிராமைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்துப் பார்த்தார். "டேப்பு அசிங்கமா இருக்கேன்னு பாக்கறீங்களா? அத எடுத்துட்டா எதப் பாக்கறதுக்கு இத வெச்சிருப்பீங்க?" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் வசதிக்கு எழுதியிருக்கிறேன்.

நாலாம் நாள் டேப்பை இரண்டு இடத்தில் புது ஸ்கால்பெல் பிளேடால், பிளாஸ்டிக் மட்டும் அறும் அழுத்தத்தில், தாளில் படாமல் வெட்டினேன். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம். டாரின் பெயருக்கு இடப்பக்கம் இருந்ததும் வலப்பக்கம் இருந்ததும் வழக்கம்போல் உரிந்து வந்தன. கிழிசலின் அந்தப் பகுதிகளுக்குப் பின்பக்கமிருந்து கோசோ ஒட்டு. நடுவே மூன்று சென்டிமீட்டர் டேப், பெயருக்கும் சிலுவைக்கும் மேலே, அப்படியே. வெட்டிய ஓரங்களில் பசை கசிந்து எதிர்ப்பக்கத்தோடு ஒட்டாமலிருக்க, செல்லுலோஸ் தூளை பிரஷ்ஷில் தொட்டுத் தடவினேன். முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான். எதிர்ப்பக்கத்துக்கு நடுவே ஒரு சிலிகான் தாள் நிரந்தரமாக.

இதைச் செய்தது சரியா என்று தொழில்முறைக்காரர்கள் இருவிதமாகச் சொல்லலாம். பசை இன்னும் தாளுக்குள் இறங்கும், கறை வளரும். உண்மைதான். ஆனால் கறை இன்னும் நாற்பது வருஷம் வளரட்டும், குறி இருக்கும். நல்ல உறிஞ்சு மேசையும் நல்ல கையும் உள்ள யாராவது பிற்பாடு முயலலாம். குறி போய்விட்டால் அவர்களுக்கு முயல எதுவும் இருக்காது.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. மெனு அட்டை மடிப்பில் மட்டும் ஒட்டு. போர்க்காலத்து ஒற்றைத்தாள் புரோகிராம் ஒன்று அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மட்டமான மரக்கூழ்த் தாள். அதை ஒட்டவே இல்லை, அமிலம் நீக்கிய தாளோடு சேர்த்துப் பாலியெஸ்டர் உறைக்குள் வைத்துவிட்டேன். உறை வாங்கும்போது பி.வி.சி. வேண்டாம், அதன் எண்ணெய் சில வருஷத்தில் மையை உரித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அணிப் புகைப்படத்தின் இருட்டுப் பகுதிகளில் வெள்ளி மேலே வந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதற்கு என்னிடம் வித்தை கிடையாது, தொடவில்லை. 1905 மறுபதிப்பைப் பெரியவரின் பேரனுக்குக் கொடுத்தேன், மறுபதிப்பு என்று பின்பக்கம் பென்சிலில் எழுதி.

செலவு: கோசோ தாள், மாச்சத்து, உறைகள், அமிலமில்லா அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 62 பவுண்டு. புற ஊதா டார்ச் ஏற்கெனவே இருந்தது. பிஸ்கட் டின்னில் இப்போது முறுக்கு இருக்கிறது.

காகிதங்கள் இருக்கும் அட்டைப்பெட்டி மாடிப் பரணில் இல்லை, படுக்கையறை அலமாரியில், உள்சுவர்ப் பக்கம். வெளிச்சுவர் என்றால் இந்த ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குச் சமம். ஐந்து நாளாக மழை விடவில்லை. காலையில் ஈரமானி 63 காட்டியது, 50ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பைகளை ஓவனில் காயவைத்துக்கொண்டிருக்கிறேன்.